கோவா இல்லாத பால்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையம் நாய் ஒன்று போதும். 2005 ஜனவரியில் அஞ்சல்துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் இருந்தது. செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில், ஆடிப்பூரத் தேர், சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி என்று ஆளுக்கொரு பொருள் கையில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களில் ஒருவர் சொந்தமாக வலைப்பூ தொடங்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கேட்பது, "எது ஃப்ரீ?" அடுத்து, "அதுல என்னென்ன வசதி இருக்கு?" தமிழில் வலைப்பதிவு தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரும்பாலானோர் இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தார்கள். இந்தப் பழக்கத்தை ஒரேயடியாகத் தவறென்று தள்ள முடியாது. முதல் கேள்வி, நம் கணினி வல்லுநர்கள் மதிப்பதைவிட நல்ல கேள்வி. கெடுத்தது இரண்டாவது. இந்தக் கருவி தமிழ் எழுத்தை என்ன செய்கிறது, நாளை வெளியேறும்போது எதைக் கையில் கொடுக்கும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஃப்ரீயில் இருந்து தொடங்குவோம். பைரா லேப்ஸ் 1999இல் தொடங்கிய பிளாகரைக் கூகுள் 2003இல் வாங்கியது. தமிழ் வலைப்பதிவுகள் முளைத்ததும் அதே வருஷம்தான். அதற்கு முன்பு சொந்தப் பக்கம் வேண்டுமென்றால் ஜியோசிட்டிஸ் மாதிரி இடத்தில் ஓர் ஓரத்தைப் பிடித்து, திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஏதாவது ஒரு குறியேற்றத்தின் எழுத்துருவில் ஏற்றிவிட்டு, "இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டு படிக்கவும்" என்று தலையில் ஒரு வரி எழுத வேண்டும். படிக்க வருகிறவர் முதலில் எழுத்துருவை நிறுவ வேண்டும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

அன்றைய வலைப்பதிவர்கள் செய்த மிகச் சிறந்த தேர்வு பிளாகர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் யுனிகோடுக் குறியேற்றத்துக்கு மாறியதுதான் பெரிய காரியம். அப்போது அது வசதியான வழியாக இல்லை. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யுனிகோடு தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதிராம்பட்டினத்து உமர் தம்பி செய்த தேனீ எழுத்துருவைப் பக்கத்திலேயே ஒட்டவைத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். வாசகரை இழப்போம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அதன் பலனை இன்று பார்க்கிறோம். 2003, 2004இல் யுனிகோடில் எழுதியது இன்றைய கைப்பேசியில் ஒரு புள்ளி பிசகாமல் திறக்கிறது, தேடினாலும் கிடைக்கிறது. ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடியபோது போனவை போகட்டும், யாராவது பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தாலும் அந்தப் பழைய எழுத்துரு இல்லாவிட்டால் அது வாசிக்கவே முடியாத குப்பை. குறியேற்றத்தைச் சரியாகத் தேர்ந்தவருக்கு மற்றப் பிழைகளை எல்லாம் பிற்பாடு திருத்திக்கொள்ள முடிந்தது.

இலவச மேடைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எழுதுகிறவர் மறந்தாலும் அது நிற்கும். சொந்தப் பெயரில் தளம் வாங்கியவர் ஒரு வருஷம் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் மொத்தமும் போய்விடும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல், அவர் திறப்பதையே நிறுத்திவிட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கும். ஆனால் எழுதுவதை நிறுத்திப் பத்து வருஷமான, ஏன், எழுதியவரே காலமாகிவிட்ட பிளாகரின் பிளாக்ஸ்பாட் பக்கங்கள் பல இன்னும் திறக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊர் வரலாற்றை நாற்பது பதிவாக எழுதி வைக்கிறார் என்றால், அவருக்கு ஆண்டுச் சந்தா கட்டும் ஹோஸ்டிங்கைப் பரிந்துரைக்கிறவர் அவர் நிலைமையை யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம். எஸ். ராமகிருஷ்ணன், ஜெயமோகன் போல ஓயாமல் எழுதுகிறவர்களுக்கும், அவர்களுக்கு இருக்கிற வாசகர் திரளுக்கும் சொந்தத் தளம் நியாயம். மாதம் ஒன்று எழுதுகிறவருக்கு அது வீண் பாரம்.

கூகுளை நம்பி இருக்கலாமா என்றால், அதற்கும் அளவு உண்டு. 2012இல் இந்திய வாசகர்களுக்கு பிளாக்ஸ்பாட் டாட் காம் தானாகவே டாட் இன் என்று மாறத் தொடங்கியது. ஒரே பதிவுக்கு இரண்டு முகவரி வந்து, வாசகர் போட்ட வாக்குகளும் வருகை எண்ணிக்கைகளும் இரண்டாகப் பிரிந்தன. அதைத் தடுக்க ஆளாளுக்கு ஒரு நிரல்துண்டை ஒட்டிக்கொண்டார்கள். 2018இல் கூகுள் அந்த மாற்றத்தைக் கைவிட்டது. 2020இல் டாட் இன் பெயரே கூகுளின் கையைவிட்டு வேறொருவரிடம் போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் நண்பர்கள் பகிர்ந்த, பிறர் மேற்கோள் காட்டிய டாட் இன் இணைப்புகள் எல்லாம் அத்தோடு செத்தன. பெயரைப் புதுப்பிக்காமல் விடுவது தனிமனிதர் மட்டும் செய்கிற காரியம் இல்லை போலும்.

இனி வசதிகள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி உண்மையிலேயே ஒரு தேவையை நிறைவேற்றியது. யார் எங்கே எழுதுகிறார்கள் என்று தெரியாமல் சிதறிக் கிடந்தவர்களை அது ஒரே பக்கத்தில் சேர்த்தது. ராஜபாளையத்தில் உட்கார்ந்து எழுதியதை டொரன்டோவில் ஒருவர் அடுத்த மணி நேரத்தில் படித்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. தமிழிஷ் (பின்னாளில் இன்ட்லி), உலவு என்று திரட்டிகள் பெருகின. ஒவ்வொன்றும் ஒரு வாக்குப்பட்டையைக் கொடுத்தது. பதிவர்கள் எல்லாவற்றையும் வாங்கி ஒட்டினார்கள். கூடவே வருகையாளர் கணக்கு, உலக வரைபடம், கடிகாரம், மார்கழியில் பனிப்பொழிவு, திறந்ததும் அலறும் பாட்டு.

அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை இன்று கைப்பேசியில் திறந்து பாருங்கள். எழுத்து வருவதற்கு முன்பு வெள்ளைத் திரை கொஞ்ச நேரம் நிற்கும். ஒவ்வொரு பட்டையும் உண்மையில் வேறொருவர் கணினியில் இருக்கும் நிரலைக் கூப்பிடுகிற ஒரு வரி. பக்கத்தின் நடுவில் அந்த வரி வந்ததும் உலாவி, போன் அடித்து எதிர்முனை எடுக்கக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுவிடும். எதிர்முனையில் ஆள் இல்லை. திரட்டி என்றோ மூடிவிட்டது. கடைசியில் சலித்துப்போய் மேலே நகரும். இது கூடப் பரவாயில்லை. மூடிய திரட்டியின் பெயரை வேறொருவர் வாங்கினால், அந்த வரி இனி அவர் வைக்கும் நிரலை இயக்கும். ஆண்டாளைப் பற்றிய பதிவைத் திறந்தவரைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிட அவரால் முடியும். எழுதியவருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் அவர் தன் பக்கத்துக்குப் போயே பல வருஷமாகியிருக்கும்.

பெரிய நிறுவனத்தின் வசதி என்பதால் பாதுகாப்பு என்றும் இல்லை. பிளாகரில் கூகுள் பிளஸ் வழியாகப் பின்னூட்டம் வாங்கலாம் என்று ஒரு வசதி வந்தது, பலர் மாறினார்கள். 2019இல் கூகுள் பிளஸ் மூடியபோது அந்தப் பின்னூட்டங்கள் அனைத்தும் அழிந்தன. சாதாரணப் பின்னூட்டப் பெட்டியோடு இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பதிவுக்குக் கீழே, "அந்தத் தெப்பக்குளத்தை நானும் சின்ன வயசுல பாத்திருக்கேன்" என்று ஒருவர் எழுதுவது அந்தப் பதிவைவிட மதிப்பான ஆவணமாக இருக்கலாம். அதைப் போய் அலங்காரக் கருவியிடம் ஒப்படைத்தோம். 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்ற பிறகு விளம்பரப் பெட்டிகள் வேறு சேர்ந்தன. மாதம் சில நூறு பேர் வருகிற பக்கத்தில் அதனால் வருமானமும் இல்லை, வாசகருக்கு நிம்மதியும் இல்லை.

வேர்ட்பிரஸ் பக்கம் போவோம். 2003இல் பிறந்தது, கட்டற்ற மென்பொருள், நினைத்ததைச் செய்யலாம் என்பதெல்லாம் சரி. அதற்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதை இந்த ஊர்ப் பெயரை வைத்தே பார்த்துவிடலாம். 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று ஒரு தலைப்புக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பிலிருந்து பதிவுக்கு முகவரி செய்யும். முகவரிக்கு அது ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆகக் குறி ஒன்றுக்கு 9. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படி 18 குறி, அதுவே 162. இடைவெளிக்கு ஒரு கோடு, 163. 'பால்' நான்கு குறி, 36, மொத்தம் 199. இனி ஒரே ஓர் இடம்தான் மிச்சம், அடுத்த குறிக்கு 9 வேண்டும். கோவா வெளியே போய்விட்டது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், முகவரியில் வெறும் பால். ராஜபாளையத்துக்கு அதிர்ஷ்டம்: 'ராஜபாளையம் நாய் வளர்ப்பு' மிகச் சரியாக 200இல் முடிகிறது. ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் பல வரிக்கு நீளும் சதவீதக் குறிகளைப் பார்த்து, வைரஸ் என்று பயந்து தொடாமல் விடுகிறவர்கள் உண்டு.

பிளாகர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று தமிழை முழுசாகக் கழற்றிவிடும். தமிழ்த் தலைப்பு எதுவானாலும் முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வரும். அடுத்தது அதன் வாலில் ஓர் எண்ணோடு வரும். பத்து வருஷம் எழுதியவரின் முகவரிப் பட்டியலைப் பார்த்தால் எது எந்தப் பதிவு என்று அவருக்கே தெரியாது. இரண்டிலும் முகவரியைக் கையால் எழுதும் வசதி இருக்கிறது. வெளியிடும் முன்பு ஆங்கில எழுத்தில் மூன்று சொல் அடித்தால் முடிந்தது. ஆயிரம் அலங்காரத்தைவிட அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். விட்ஜெட் தேடி ஒரு ராத்திரி முழுக்க உட்காருகிறவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுத்து, தேடும் வசதி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் தனி வில்லங்கம் ஒன்று உண்டு. ஸ்ரீ என்பதை யுனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். முதலில் ஸ-வை வைத்து எழுதினோம்; 2005இல் ஶ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்த பிறகு அதை வைத்தும் எழுதலாம் என்றானது. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் அச்சாக ஒரே உருவம். உள்ளே வேறு வேறு. எந்த விசைப்பலகை எதை அனுப்புகிறது என்பது அதைச் செய்தவரின் விருப்பம். கணினியில் ஒன்றும் கைப்பேசியில் மற்றொன்றுமாக அடித்தவரின் தளத்தில், ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிப் பதிவு வராது. குறிச்சொல் பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு முறை நிற்கும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கூடவே திருவில்லிபுத்தூர் என்று எழுதியதும், ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என்று மூன்று விதமாக எழுதியதும் சேர்ந்தால் குறிச்சொல் என்ற வசதி இருந்தும் இல்லாததுதான். எந்த மென்பொருளும் இதைத் தீர்த்துத் தராது. முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவு செய்து, தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைப்பதுதான் வழி.

தேடலில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நவீனத் தேடல் கருவிகள் எழுத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து அட்டவணை போடும். அவற்றுக்கு ராஜபாளையம் ஒரு சொல், ராஜபாளையத்தில் வேறொரு சொல், ராஜபாளையத்துக்காரர் இன்னொன்று. வேற்றுமை உருபு ஏறும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வரும் என்று அவற்றுக்கு யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் ஒழியப் பொருந்தாது. வேர்ட்பிரஸின் பழைய, எல்லோரும் கேலி செய்கிற தேடலோ, கொடுத்த எழுத்துத் தொடர் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 'ராஜபாளைய' என்று மகரத்தை விட்டு அடித்தால் மூன்றையும் எடுத்து வந்துவிடும். வேகமான, புத்திசாலியான புதிய கருவி என்று விலை கொடுத்து மாற்றுகிறவர்கள், தமிழுக்குத் தற்செயலாகப் பொருந்தியிருந்த ஒன்றைத் தூக்கி எறிகிறார்கள்.

ஜெக்கில், ஹ்யூகோ வகையறாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் உரைக்கோப்புகளாக எழுதி, அவற்றை நிலையான பக்கங்களாக மாற்றி ஏற்றுவது. தரவுத்தளம் இல்லை, உடைத்துக்கொண்டு உள்ளே வர வழி குறைவு, பிரதி எடுப்பதென்றால் ஒரு கோப்புறையை நகலெடுத்தால் போதும். எழுத்தின் ஆயுளை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிய வேண்டும். இன்று நம் ஊர்ப் பக்கம் எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் கைப்பேசியில் பேசியே எழுதுகிறார்கள். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் தமிழுக்கும் வந்த பிறகு, தட்டச்சே தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லாமல், பார்க்கிறேன். அவர்களிடம் போய் ஹ்யூகோவை நிறுவுங்கள் என்பது எழுதாதீர்கள் என்பதற்குச் சமம்.

தோற்றத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வரிகளின் இரு ஓரத்தையும் நேராக்கும் பொத்தான் மேல் நம்மவர்களுக்கு ஏனோ அவ்வளவு ஆசை. புத்தகத்தில் அழகாக இருக்கும். கைப்பேசித் திரையில் 'ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து' ஒன்றே ஒரு வரியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்லைப் பிடித்துத் தள்ளி, நடுவில் ஆறு ஓடவிடும். இடப்பக்கம் மட்டும் நேராக விட்டு, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் வெளியேறும் வாசலைத் தொடங்கும் வாரத்திலேயே திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பிளாகரும் வேர்ட்பிரஸும் மொத்தப் பதிவுகளையும் ஒரே கோப்பாகக் கொடுக்கும். பின்னூட்டம் உண்டு. படங்கள் இருக்காது, படம் இருக்கும் முகவரி மட்டும் இருக்கும். தேர் புறப்பட்ட நாளின் படங்களை எல்லாம் தளத்தில் ஏற்றிவிட்டு இடம் போதவில்லை என்று போனில் அழித்தவருக்கு, அந்தக் கோப்பு பாதி ஆவணம்தான். பழைய வேர்ட்பிரஸ் தளங்களை இடம் மாற்றும்போது தரவுத்தளத்தின் குறியேற்றத்தைப் பார்க்காமல் மாற்றினால், தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகவோ, தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகவோ வந்து நிற்கும். முன்னது மீளாது, பின்னதை மீட்கத் தெரிந்தவர் வேண்டும்.

2010க்குப் பிறகு பாதிப் பேர் இந்தக் கேள்விகளே வேண்டாமென்று ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். எழுதிய நிமிஷமே ஆள் வருகிறார்கள் என்பது சின்ன ஆசை இல்லை. அதைக் கொடுக்க முடியாமல்தான் வலைப்பூ தோற்றது. ஆனால் அங்கே மூன்று வருஷத்துக்கு முன்பு எழுதியதைத் தேடி எடுக்கப் பார்த்தால்தான் வலைப்பூவின் அருமை தெரியும். அங்கேயும் நம் எழுத்தை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு வடிவம் கேட்கும். ஜேசன் என்பதைத் தேர்ந்தால் தமிழ் பைட் பைட்டாகச் சிதறி வரும். ஹெச்டிஎம்எல் என்பதைத் தேர்ந்தால் படிக்கும்படி வரும். இது தெரியாமல் முதல் வடிவத்தை இறக்கி, எல்லாம் போய்விட்டது என்று விட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற முயற்சிகள் வலைப்பதிவுகளை மின்னூலாக்கி யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கின்றன. நாற்பது பதிவு சேர்ந்தவர் அதை அங்கே கொடுத்து வைப்பது, சொந்தத் தளத்துக்கு வடிவமைப்பாளரிடம் கொடுக்கும் பணத்தைவிடப் பயனுள்ளது. பிறகு கூகுள் கணக்கு. இரண்டு ஆண்டு நுழையாத கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் கூகுள் விதி கொண்டுவந்தது. இலவச மேடை நம்மை மறக்காது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு வரம்பு. கணக்கு நீண்ட நாள் சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யாருக்குத் தரவு போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு 2013 முதல் கூகுளிலேயே இருக்கிறது. அதில் மகனின் மின்னஞ்சலையோ மருமகளின் மின்னஞ்சலையோ சேர்க்கச் சில நிமிஷம் போதும். டெம்ப்ளேட்டின் நிறத்தை நாலு முறை மாற்றியவர்கள் அதைச் செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.